கலீஃபா, முஸ்லிம்களின் போப் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில், கிறிஸ்தவமும் இஸ்லாமும் ஆட்சியதிகாரத்தோடு கொண்ட உறவைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. கிறிஸ்தவம் பிறந்த நாளிலேயே அரசை வேறு, ஆலயத்தை வேறு என்று பிரித்துவிட்டது; இஸ்லாம் பிறந்த நாளிலேயே இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது; அதனால்தான் ஐரோப்பாவில் மதச்சார்பின்மை வளர்ந்தது, முஸ்லிம் நாடுகளில் வளரவில்லை என்பது அதன் சாரம்.

பொறையாறு பக்கத்தில் ஒரு பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். இந்தக் கருத்து எனக்குப் புதிதில்லை. பாடம் நடத்தும்போது பிள்ளைகளே கேட்பார்கள். "டீச்சர், சுல்தான்கள் எல்லாம் மதத்துக்காக வந்தாங்களா, ராஜ்ஜியத்துக்காக வந்தாங்களா?" என்று யாராவது ஒருவன் எழுந்து நிற்காத வருஷம் கிடையாது. ஆனால் வகுப்பில் கேள்வியாக வருவது நாளிதழில் தீர்ப்பாக வந்தால் அதன் விளைவே வேறு. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அன்று சாயங்காலமே எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவரும் அந்தக் குழுவில் இருக்கிறார், முஸ்லிம். "உங்க மதமே ஆட்சியைப் பிடிக்க வந்ததுதானே, பேப்பர்லயே போட்டிருக்கான்" என்று ஒருவர் அவர் பெயரைக் குறிப்பிட்டே எழுதினார். அவர் பதில் எழுதவில்லை. எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மதங்களுக்கும் வித்தியாசமே இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. வித்தியாசம் உண்டு, பெரிய வித்தியாசம். ஆனால் கட்டுரையாளர் அதை வேத வசனத்தில் தேடுகிறார். நான் படித்தவரையில் அது அமைப்பில் இருக்கிறது. மேற்கு ஐரோப்பாவின் கிறிஸ்தவத்தில், அரசனுக்கு எதிரே உட்கார்ந்து சண்டை போடவும் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடவும் ஒரு தலைமை இருந்தது. இஸ்லாத்தில், குறிப்பாக முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் சுன்னி மரபில், அப்படி ஒரு தலைமை இருந்ததே இல்லை. இந்த ஒன்றிலிருந்துதான் நல்லதும் கெட்டதுமாகப் பல விஷயங்கள் கிளைத்தன.

"இராயனுடையதை இராயனுக்கும், தேவனுடையதை தேவனுக்கும் செலுத்துங்கள்" என்ற இயேசுவின் சொல்லைக் கட்டுரையாளர் மேற்கோள் காட்டியிருந்தார். அருமையான சொல், சந்தேகமில்லை. அதைச் சொன்னவரை ரோமானிய ஆளுநர் பொந்தியு பிலாத்து சிலுவையில் ஏற்றினார். அதற்குப் பிறகு சுமார் 300 ஆண்டுகள் கிறிஸ்தவர்கள் கையில் ஆட்சி இல்லை. பல சமயம் ஆட்சியே அவர்களை வேட்டையாடியது. அந்த 300 ஆண்டுகள் அவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதுதான் முக்கியம். ஊருக்கு ஊர் ஆயர்களை ஏற்படுத்தினார்கள், பொது நிதி திரட்டினார்கள், தங்களுக்குள் வரும் வழக்குகளைத் தாங்களே தீர்த்துக்கொண்டார்கள். 251-ஆம் ஆண்டு வாக்கில் ரோம் நகரத் திருச்சபை ஒன்று மட்டும் 1,500-க்கும் மேற்பட்ட விதவைகளையும் ஏழைகளையும் பராமரித்தது என்று அப்போதைய ரோம் ஆயர் கொர்னேலியு கடிதம் எழுதியிருக்கிறார். 46 குருக்கள் அவருக்குக் கீழே இருந்தார்கள். சட்ட விரோதமான ஒரு மதத்துக்கு இத்தனை கட்டுக்கோப்பு! கான்ஸ்டன்டைன் 313-இல் மத உரிமை கொடுத்தபோது, அவருக்கு முன்னால் ஏற்கெனவே எழும்பி நின்ற ஓர் அமைப்பு இருந்தது. அரசு இல்லாமல் வாழப் பழகிய அமைப்பு.

சரி, அதன் பிறகு இராயனுடையதும் தேவனுடையதும் பிரிந்தே இருந்தனவா? 325-இல் நைசியா சங்கத்தைக் கூட்டி, கிறிஸ்து யார் என்ற இறையியல் கேள்விக்கு முடிவு காண வைத்தவர் பேரரசர் கான்ஸ்டன்டைன். அவர் அப்போது ஞானஸ்நானம்கூடப் பெற்றிருக்கவில்லை. சாகும் தறுவாயில் 337-இல்தான் பெற்றார். 380-இல் பேரரசர் தியோடோசியஸ் நைசியா நம்பிக்கையைப் பேரரசின் மதமாகவே அறிவித்தார். ஒடுக்கப்பட்ட மதம் எழுபது ஆண்டுகளுக்குள் அரசு மதமாகிவிட்டது.

ஆனால் பத்து ஆண்டுகள் கழித்து நடந்ததைப் பாருங்கள். தெசலோனிக்காவில் ஒரு கலகம். பேரரசரின் தளபதி கொல்லப்பட்டார். பழிவாங்கத் தியோடோசியஸின் படை ஊர் மக்களை ஆயிரக்கணக்கில் வெட்டிச் சாய்த்தது. மிலன் நகர ஆயர் அம்புரோஸ், நீ மனந்திரும்பிப் பரிகாரம் செய்யும்வரை நற்கருணை தர மாட்டேன் என்று பேரரசருக்கே எழுதினார். உலகத்தின் பாதியை ஆண்டவர் அரச உடையைக் களைந்துவிட்டு ஆலயத்தில் பொது மக்கள் முன்னால் பரிகாரம் செய்தார். 390-இல் நடந்தது இது. ஆட்சியதிகாரத்தைத் தட்டிக்கேட்க இன்னொரு அதிகாரம் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். ஆனால் அதே அம்புரோஸ் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு செய்ததையும் சேர்த்தே சொல்வேன். கல்லினிக்கம் என்ற ஊரில் கிறிஸ்தவக் கும்பல் ஒன்று யூதர்களின் தொழுகைக்கூடத்தைக் கொளுத்தியது. உள்ளூர் ஆயரே தன் செலவில் அதைக் கட்டித்தர வேண்டும் என்று இதே தியோடோசியஸ் நியாயமான உத்தரவு போட்டார். அம்புரோஸ் விடாப்பிடியாக நின்று அந்த உத்தரவைத் திரும்பப் பெற வைத்தார். அரசைத் தட்டிக்கேட்கும் திருச்சபை படுகொலைக்கும் எதிராக நிற்கும், சிறுபான்மையினருக்குக் கிடைக்க வேண்டிய நீதிக்கும் குறுக்கே நிற்கும்.

இந்த இரட்டை அதிகாரத்தின் உச்சம் 1077 ஜனவரி. ஐரோப்பாவில் அன்று ஆயர் என்றால் வெறும் பூசை வைப்பவர் இல்லை. நிலம், வரி, படைவீரர்கள் எல்லாம் அவர் கையில். அப்படிப்பட்ட ஆயரை நியமிப்பது யார்? ஆயர் பதவியின் அடையாளமான மோதிரத்தையும் கோலையும் கொடுப்பது அரசனா, போப்பா? ஜெர்மன் மன்னன் நான்காம் ஹென்றி, போப் ஏழாம் கிரிகோரியைப் பதவி விலகச் சொன்னான். போப் மன்னனைச் சபையிலிருந்தே நீக்கினார்; அவனுக்குக் குடிகள் செய்துகொடுத்த விசுவாசப் பிரமாணம் செல்லாது என்றார். பிரபுக்கள் இதுதான் சமயம் என்று கிளம்பிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் ஹென்றி கடுங்குளிரில் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து, கனோசா கோட்டை வாசலில் மூன்று நாள் வெறுங்காலோடு நின்று மன்னிப்பு வாங்கினான். கதை அங்கே முடியவில்லை. ஏழு ஆண்டுகளில் அதே ஹென்றி படையோடு ரோமுக்குள் நுழைந்து, வேறொரு போப்பை அமர்த்திக்கொண்டான். கிரிகோரி 1085-இல் சலேர்னோவில் நாடுகடந்த நிலையில் இறந்தார். இருவருமே முழுசாக ஜெயிக்கவில்லை. அவர்களுக்குப் பின் வந்தவர்கள் 1122-இல் வோர்ம்ஸ் நகரில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள்: மோதிரமும் கோலும் திருச்சபை கொடுக்கும், நிலத்துக்கான உரிமையை மன்னர் கொடுப்பார். இது உன்னுடையது, இது என்னுடையது என்று காகிதத்தில் எழுதிப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். 'பிரித்தல்' என்று கட்டுரையாளர் சொல்வதன் வேர் இந்த மாதிரிப் பேரங்களில்தான் இருக்கிறது.

வேத வசனமே காரணம் என்றால், அதே வசனத்தை வாசித்த கிழக்கிலும் இதே நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. மேற்கில் 476-க்குப் பிறகு பேரரசரே இல்லாமல் போனதால் ரோம் ஆயர் தனித்து வளர்ந்தார். கிழக்கின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளில் பேரரசர் 1453 வரை இருந்தார். அங்கே தலைமை ஆயரை அமர்த்துவதிலும் நீக்குவதிலும் பெரும்பாலும் அவர் கைதான் ஓங்கியிருந்தது. ரஷ்யாவில் மகா பீட்டர் தலைமை ஆயர் பதவியையே ஒழித்துவிட்டு, 1721-இல் திருச்சபையை அரசாங்கத் துறை மாதிரி ஒரு குழுவின் கீழ் கொண்டுவந்தார். 1917 வரை அப்படியே இருந்தது. இங்கிலாந்தில் 1534-இல் எட்டாம் ஹென்றி திருச்சபைக்குத் தானே தலைவரானார். அந்நாட்டு மன்னர்தான் இன்றைக்கும் இங்கிலாந்து திருச்சபையின் உச்ச ஆளுநர்.

போப்பும் வெறும் மதகுருவாக மட்டும் இருக்கவில்லை. 8-ஆம் நூற்றாண்டு முதல் 1870 வரை நடு இத்தாலியில் அவர் ஒரு நாட்டை ஆண்டார். வரி வாங்கினார், சிறை வைத்தார், படை நடத்தினார். 1864-இல் ஒன்பதாம் பயஸ் வெளியிட்ட 'தவறான கருத்துகள்' பட்டியலில், திருச்சபையும் அரசும் பிரிக்கப்பட வேண்டும் என்ற கருத்து 55-ஆம் எண்ணில் இருக்கிறது. மத சுதந்திரம் மனிதனின் உரிமை என்று வத்திக்கான் முறைப்படி ஏற்றது 1965 டிசம்பரில். பிறந்த நாளிலேயே பிரித்துவிட்ட மதம் என்றால் இடையில் போன இந்த 1,900 ஆண்டுகளை என்ன செய்வது? ஜெர்மனியைச் சுடுகாடாக்கிய முப்பதாண்டுப் போரில், 1618-க்கும் 1648-க்கும் இடையே, எத்தனை லட்சம் பேர் செத்தார்கள்! கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் ஒருவரையொருவர் ஒழிக்க முடியாது என்று களைத்துப்போன பிறகுதான் சகிப்பு வந்தது. மதச்சார்பின்மை ஐரோப்பாவுக்கு அன்பளிப்பாகக் கிடைக்கவில்லை.

இனி இஸ்லாத்துக்கு வருகிறேன். நபிகள் நாயகம் வாழ்நாளிலேயே ஆட்சி வந்துவிட்டது என்பது உண்மை. இயேசுவுக்கும் அவருக்கும் இது பெரிய வேறுபாடுதான். ஆனால் அதற்கு முன்பு மக்காவில் சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் அவரும் அவரைப் பின்பற்றியவர்களும் அதிகாரமே இல்லாமல், அடியும் உதையும் பட்டு வாழ்ந்தார்கள். தாங்க முடியாமல் ஒரு குழு கடல் கடந்து அபிசீனியாவுக்குப் போனது. அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர் ஒரு கிறிஸ்தவ அரசர். அப்புறம்தான் 622-இல் மதீனா. தங்களுக்குள் ஓயாமல் சண்டையிட்ட அவ்வூர்க் குலத்தார், நடுவராக வந்து இருங்கள் என்று அவரை அழைத்தார்கள். அங்கே எழுதப்பட்ட உடன்படிக்கையில் யூதக் குலங்களும் சேர்த்தி. அரசு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாத ஒரு பாலைவன ஊரில், மதத்தலைவரே நடுவராகவும் படைத்தலைவராகவும் ஆக வேண்டியிருந்தது. ரோமைப் போல ஒரு பேரரசு அங்கே ஏற்கெனவே இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

632-இல் அவர் மறைந்ததுமே, அடுத்து யார் தலைமை ஏற்பது என்ற கேள்வி எழுந்தது. சுன்னி, ஷியா பிரிவுக்கு அடிவேர் இந்தக் கேள்விதான். நபிகளுக்குப் பின் தலைமை ஏற்றவர்களைக் கலீஃபா என்பார்கள். முதல் நான்கு கலீஃபாக்களில் உமர், உஸ்மான், அலி மூவரும் கொல்லப்பட்டார்கள். 680-இல் கர்பலாவில் நபிகளின் பேரர் ஹுசைனைக் கொன்றது முஸ்லிம் ஆட்சியாளர் யஸீதின் படை. முஹர்ரம் பத்தாம் நாள் எதற்காக நினைவுகூரப்படுகிறது என்று யோசித்தாலே போதும்: ஆட்சியும் மதமும் ஒன்றே என்று நிம்மதியாக இருந்த சமூகத்தில் அப்படி ஒரு துக்கம் நிலைத்திருக்காது. பக்தியுள்ள முஸ்லிம்கள் அரண்மனையைக் கண்டு அஞ்சி ஒதுங்கத் தொடங்கியது அந்தக் காலத்திலிருந்துதான்.

கூஃபா நகரத்துப் பட்டு வியாபாரி ஒருவர் இருந்தார். சொந்தக் கடை, சொந்த வருமானம். அவர்தான் இமாம் அபூ ஹனீஃபா. இந்தியாவில் பெரும்பாலான முஸ்லிம்கள் பின்பற்றும் ஹனஃபி சட்ட மரபு அவர் பெயரால் வழங்குவது. கலீஃபா அல் மன்சூர் நீதிபதி பதவி கொடுத்தபோது அவர் மறுத்துவிட்டார். அதற்காகச் சிறைப்பட்டு, 767-இல் பாக்தாத் சிறையிலேயே இறந்தார் என்று மரபு சொல்கிறது.

833-இல் இன்னும் கடுமையான மோதல். கலீஃபா அல் மாமூன் கிரேக்க நூல்களை அரபியில் கொண்டுவர ஊக்கம் தந்தவர், பெரிய அறிவாளி. குர்ஆன் இறைவனால் படைக்கப்பட்டதா, அவனோடு என்றென்றும் இருப்பதா என்ற நுட்பமான கேள்வியில், படைக்கப்பட்டதுதான் என்று எல்லா அறிஞர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும் என ஆணையிட்டு விசாரணை நடத்தினார். அகமது இப்னு ஹன்பல் மறுத்தார். விலங்கிட்டு அவரைக் கொண்டு போகும் வழியிலேயே மாமூன் இறந்துவிட, அடுத்த கலீஃபா அல் முஃதசிம் அவருக்குச் சவுக்கடி கொடுத்தார். அப்போதும் அவர் வளையவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நடந்த இந்த விசாரணை கடைசியில் கைவிடப்பட்டது. இப்னு ஹன்பல் 855-இல் இறந்தபோது பாக்தாத் நகரமே இறுதி ஊர்வலத்தில் திரண்டது. இப்னு ஹன்பல் தாராளக் கருத்துள்ளவர் இல்லை. மாமூனைவிட அவர் பல விஷயங்களில் கண்டிப்பானவர். இங்கே முக்கியம் வேறு. மார்க்கம் என்ன சொல்கிறது என்று முடிவு செய்யும் உரிமை அரசனுக்குக் கிடையாது என்பது அன்றைக்கு நிலைபெற்றுவிட்டது. அதற்குப் பிறகு சுன்னி உலகில் சட்டத்தை விளக்கும் வேலை பெருமளவு அறிஞர்களிடம், அதாவது உலமாக்களிடம் இருந்தது. வாளும் கஜானாவும் ஆட்சியாளரிடம். 945 முதல் கலீஃபாவிடம் அந்த வாளும் இல்லை. பாக்தாதைப் பிடித்த புவைஹி என்ற ஷியா அரச வம்சத்தின் கீழும் பிறகு செல்ஜுக் துருக்கியரின் கீழும் அவர் பெரும்பாலும் பெயரளவுக்குத்தான் இருந்தார். மதரஸாக்களும் மருத்துவமனைகளும் வக்ஃபு சொத்துகளின் வருமானத்தில் நடந்தன.

நம் நாட்டு உதாரணம் ஒன்று, பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது. அலாவுதீன் கில்ஜி, காஜி (இஸ்லாமிய நீதிபதி) முகீசுதீனைக் கூப்பிட்டு, கஜானாவில் எனக்குச் சட்டப்படி எவ்வளவு உரிமை என்று கேட்டார். காஜி உயிர் போகும் என்று தெரிந்தே, நீங்கள் எடுப்பது சட்டப்படி சரியில்லை என்றார். சுல்தான் அவருக்குப் பரிசு கொடுத்து அனுப்பினார். ஆனால் தெளிவாகச் சொல்லிவிட்டார்: இது ஷரீஅத்துக்குப் பொருந்துமா பொருந்தாதா என்று எனக்குத் தெரியாது, அரசுக்கு எது நல்லதோ அதை உத்தரவிடுகிறேன். இதை எழுதி வைத்தவர் ஜியாவுதீன் பரனி என்ற அக்கால வரலாற்றாசிரியர். டெல்லியிலேயே இருந்த சூஃபி ஞானி நிஜாமுதீன் அவுலியா சுல்தான்களின் தர்பாரை விட்டு விலகியே வாழ்ந்தார். மதமும் அரசும் ஒன்றாகவே இருந்தன என்று இதைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்ல முடியும்?

அப்படியானால் உண்மையான வித்தியாசம் என்ன? ஹென்றி மண்டியிட ஒரு போப் இருந்தார். அலாவுதீன் மண்டியிட யாரும் இல்லை. காஜி சொல்லலாம், சுல்தான் கேட்காமல் போகலாம். அறிஞர்கள் பல பேர், பல சட்ட மரபுகள், தலைவர் ஒருவரும் இல்லை. இதனால் ஒரு நன்மை: யாரையும் மதத்திலிருந்து நீக்கவோ, பாவமன்னிப்பை நிறுத்தி வைக்கவோ அதிகாரமுள்ள மையம் உருவாகவில்லை; ஸ்பெயினில் இருந்தது போன்ற நிரந்தர மத விசாரணை அமைப்பும் வளரவில்லை. ஒரு தீமை: 1122-இல் வோர்ம்ஸில் நடந்ததுபோல், மதத்தின் சார்பில் உட்கார்ந்து எல்லையை எழுதிக் கையெழுத்துப் போட ஆளில்லை. பிரிவு நடைமுறையில் இருந்தது, எழுத்தில் இல்லை. எழுத்தில் இல்லாத உரிமை வலுவான அரசு வந்ததும் காணாமல் போகும்.

அதுதான் 19-ஆம் நூற்றாண்டில் நடந்தது. ஐரோப்பியரோடு போட்டி போட வேண்டிய உஸ்மானிய (ஓட்டோமான் துருக்கிய) அரசு, 1869 முதல் 1876 வரை, உலமாக்களின் சட்ட நூல்களில் இருந்ததை அரசின் சட்டத் தொகுப்பாக வெளியிட்டது. அறிஞர் கையில் இருந்த சட்டம் அரசின் கைக்குப் போயிற்று. 1924 மார்ச் 3 அன்று துருக்கி கலீஃபா பதவியை ஒழித்தது. அதே நாளில் மத விவகாரத் துறை ஒன்றையும் ஏற்படுத்தியது. இமாம்களுக்குச் சம்பளம் அந்தத் துறைதான் தருகிறது. எகிப்தில் 1961-இல் நாசர் அரசு ஒரு சட்டத்தின் மூலம், ஆயிரம் ஆண்டு பழைய மார்க்கக் கல்வி நிலையமான அல் அஸ்ஹரை அரசின் பிடிக்குள் கொண்டுவந்தது. மதச்சார்பற்றவை என்று சொல்லிக்கொண்ட அரசுகளே மதத்தை அரசுக்குள் இழுத்தன. பிறகு மதத்தின் பெயரால் எதிர்த்தவர்களும், அரசைப் பிடித்தால்தான் மதத்தை மீட்க முடியும் என்று நினைத்ததில் ஆச்சரியம் என்ன?

1979-இல் ஈரானில் மத அறிஞரே ஆட்சியின் உச்சியில் உட்கார்ந்தது காலங்காலமாக வந்த வழக்கம் இல்லை. மறைந்திருப்பதாக ஷியாக்கள் நம்பும் கடைசி இமாம் திரும்பும்வரை ஆட்சிக்கு ஆசைப்படாமல் இருப்பதே ஷியா அறிஞர்களில் பெரும்பாலோரின் பழக்கமாக இருந்தது. ஈராக்கின் நஜஃபில் இருந்த மூத்த அறிஞர் அயத்துல்லா கோயி, ஈரானில் ஆட்சிக்கு வந்த கோமெய்னியின் கொள்கையை ஏற்கவில்லை. ஈரானின் கோம் நகரத்திலேயே எதிர்த்த அயத்துல்லா ஷரியத்மதாரி 1982-இல் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். மதத்தின் பெயரால் ஆளும் அரசு, மதத்தின் பெரிய அறிஞர்களில் ஒருவரைப் பூட்டி வைத்தது!

முஸ்லிம்கள் மிக அதிகமாக வாழும் நாடுகளில் ஒன்றான இந்தோனேசியா வேறு வழியில் போனது. 1945-இல் அரசமைப்பின் முகவுரை வரைவில், முஸ்லிம்கள் ஷரீஅத்தைப் பின்பற்றுவது கடமை என்று பொருள்படும் ஏழு சொற்கள் இருந்தன. கிழக்குத் தீவுகளின் கிறிஸ்தவர்கள் அதை ஏற்கமாட்டார்கள் என்று தெரிந்ததும், விடுதலைத் தலைவர்களில் ஒருவரான முகமது ஹத்தா முஸ்லிம் தலைவர்களிடம் பேசினார். விடுதலை அறிவித்த மறுநாள், ஆகஸ்ட் 18 அன்று, அந்த ஏழு சொற்களும் நீக்கப்பட்டன. எல்லாரும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன்; இன்றுவரை அங்கே அந்த வருத்தம் உள்ளவர்கள் உண்டு. ஆனால் முஸ்லிம் தலைவர்களே அன்று அந்த முடிவை எடுத்தார்கள்.

இன்று பல முஸ்லிம் நாடுகளில் மத நிந்தனைச் சட்டம் என்ற பெயரில் சிறுபான்மையினர் படும் துன்பத்தை மறைக்க நான் இதை எழுதவில்லை. பாகிஸ்தானில் கிறிஸ்தவர்களும் அஹ்மதியரும் அஞ்சி வாழ்வது எனக்குத் தெரியும். சுல்தான்கள் காலத்தில் மாற்று மதத்தார் ஜிஸ்யா என்ற தலைவரி கட்டி இரண்டாம் நிலையில்தான் வாழ்ந்தார்கள். 1492-இல் ஸ்பெயினின் கத்தோலிக்க அரசு விரட்டிய யூதர்களுக்கு உஸ்மானியச் சுல்தான் இரண்டாம் பாயஸித் இடம் கொடுத்ததும் அதே ஜிஸ்யா ஏற்பாட்டின் கீழ்தான். இவற்றைக் கண்டித்து எழுதுங்கள், நானும் சேர்ந்து கண்டிக்கிறேன். ஆனால் காரணம் அந்த மதத்தின் பிறப்பிலேயே இருக்கிறது என்று எழுதினால், அந்த நாட்டு அரசுகளைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டு, எங்கள் ஊர் மருந்துக்கடைக்காரரை ஏற்றுகிறீர்கள்.

எங்கள் கடற்கரையின் வரலாறும் கட்டுரையாளரின் சூத்திரத்துக்கு அடங்காது. முத்துக்குளித்துறையில் பரதவர்கள் 1530-களில் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றது, போர்ச்சுகீசியக் கடற்படையின் பாதுகாப்பைக் கேட்டுப் பெற்ற நேரத்தில். பொறையாறிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் தரங்கம்பாடிக்கு, போதகர் சீகன்பால்கு ஐயரை 1706-இல் அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக். ஆனால் அதே டென்மார்க் கொடி பறந்த டேன்ஸ்போர்க் கோட்டையில், 1708-இல் நாவிதர் ஒருவரின் விதவைக்காகக் கடன் வழக்கில் பரிந்து பேசியதால், டேனிஷ் தளபதி அவரையே நான்கு மாதம் சிறையில் வைத்தான். அரசன் அனுப்பிய போதகரை அரசனின் அதிகாரியே அடைத்தான். வங்கத்தில் ஆங்கிலேயக் கம்பெனி 1813 வரை மிஷனரிகளைத் தாராளமாக அனுமதிக்கவில்லை. மதம் புகுந்தால் வியாபாரம் கெடும் என்ற பயம். இஸ்லாமோ காயல்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் மரக்கலங்களில் வியாபாரிகளோடு வந்தது. மதுரையில் சுல்தான்களின் ஆட்சி 14-ஆம் நூற்றாண்டில் அரை நூற்றாண்டுகூட நிற்கவில்லை. தமிழ் முஸ்லிம் சமூகம் அதற்கு முன்பும் இருந்தது, பின்பும் இருந்தது. நாகூர் தர்காவின் மிக உயரமான மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். ஆட்சியைப் பிடிக்க வந்த மதம் என்றால், ஆட்சியே இல்லாமல் இத்தனை நூற்றாண்டு அது இங்கே எப்படி வேரூன்றியது?

கடைசியாக ஒரு வேண்டுகோள். கட்டுரையின் மூன்றாம் பத்தியில் "கலீஃபா என்பவர் முஸ்லிம்களின் போப்" என்று இருந்தது. இது தகவல் பிழை. கலீஃபாவால் மார்க்கக் கோட்பாட்டைத் தீர்மானிக்க முடியாது என்பது 9-ஆம் நூற்றாண்டிலேயே முடிவான விஷயம். பாவமன்னிப்பு வழங்கும் அதிகாரமோ, ஒருவரைச் சமயத்திலிருந்து விலக்கும் அதிகாரமோ அவருக்கு இருந்ததில்லை. ஷியாக்கள் உஸ்மானியக் கலீஃபாவை ஏற்கவே இல்லை. அதே பத்தியில் போப்புக்கு "என்றுமே நாடு இருந்ததில்லை" என்றும் இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இருந்தது; 1929 ஒப்பந்தப்படி வத்திக்கான் நகரம் இன்றும் தனி நாடுதான். இந்த இரண்டையும் திருத்தம் என்ற தலைப்பில், கட்டுரை வந்த அதே ஞாயிறு நடுப்பக்கத்தில், கண்ணில் படும் எழுத்தில் வெளியிட வேண்டுகிறேன். வெளியானதும் அதையும் படமெடுத்து எங்கள் தெருக் குழுவில் நானே போடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
பொறையாறு, மயிலாடுதுறை மாவட்டம்.